அந்த வருஷம் ஜெயித்தவர்

மேற்கத்திய செவ்வியல் இசையை விரும்பிக் கேட்கிறவர்களிடம் "1980, வார்சா, ஷோபான் போட்டி" என்று சொல்லிப் பாருங்கள். உடனே வருகிற பெயர் இவோ போகோரெலிச். (போலந்து இசையமைப்பாளர் ஷோபானின் பெயரில் நடக்கிற பியானோப் போட்டி அது.) யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த இளம் பியானோக் கலைஞர். வாசிப்பு அதுவரை யாரும் கேட்டிராத மாதிரி. மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் வேகம், வேகமாகப் போக வேண்டிய இடத்தில் நிதானம், ஷோபான் தாளில் எழுதியிருக்கும் குறிகளுக்கு நேர் எதிராகச் சில முடிவுகள். நடுவர்களில் சிலர் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்தார்கள், சிலர் கொதித்துப்போனார்கள். அவரை இரண்டாம் சுற்றுக்கு அனுப்பியதும் லூயி கென்ட்னர் நடுவர் குழுவை விட்டு விலகினார். இறுதிச் சுற்றுக்கு அனுப்பாமல் நிறுத்தியதும் மார்த்தா ஆர்கெரிச் விலகினார். இந்தப் பையன் ஒரு மேதை, இவனை வெளியே அனுப்பிய குழுவில் நான் இருக்க மாட்டேன் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். 1965-இல் அதே மேடையில் முதல் பரிசு வாங்கியவர் அவர். அவர் எழுந்து போனது உலகச் செய்தியானது.

நல்ல கதைதான். நானும் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கோவையில் வீட்டிலேயே பியானோ வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்த பிறகு பிள்ளைகளோடு சேர்ந்து ஏதாவது ஒரு பதிவைக் கேட்பது வழக்கம். அப்படி ஒரு நாள் போகோரெலிச் வாசித்த ஷோபானின் இரண்டாம் சொனாட்டாவைப் போட்டுவிட்டு, போட்டியில் நடந்ததையும் சொன்னேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி மிஸ், அந்த வருஷம் ஜெயிச்சது யாரு?" என்றாள்.

வியட்நாமின் டாங் தாய் சன் என்றேன். அவள் கேள்விப்பட்டதில்லை. மகளைக் கூட்டிப்போக வந்திருந்த அவள் அப்பா இசையில் நல்ல ஈடுபாடு உள்ளவர், அவரும் கேள்விப்பட்டதில்லை. அன்றிலிருந்து இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. வெளியேற்றப்பட்டவர் பெயர் ஊருக்கெல்லாம் தெரிகிறது. வென்றவர் பெயர் ஒரு அடிக்குறிப்பு. அவருக்கு நியாயம் செய்ய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் போட்டியைப் பற்றி. யெர்சி ஜுராவ்லெவ் என்ற போலந்துப் பியானோ ஆசிரியர் 1927-இல் தொடங்கி வைத்தது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, ஷோபான் இறந்த அக்டோபர் மாதத்தில், வார்சா பில்ஹார்மோனிக் அரங்கில் நடக்கிறது. இளைஞர்களுக்கு மட்டும்தான்: இப்போதைய விதிப்படி 16 முதல் 30 வயது வரை. முதல் சுற்று தொடங்கி இறுதிச் சுற்று வரை ஷோபானைத் தவிர வேறு யாருடைய இசையையும் வாசிக்கக் கூடாது. மூன்று வாரம் ஒரே மனிதரின் இசை! கடைசியில் ஒரு கான்செர்ட்டோ, அதாவது பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. ஷோபான் எழுதியதே இரண்டு கான்செர்ட்டோக்கள், அதனால் இறுதிச் சுற்றில் கான்செர்ட்டோ என்றால் அந்த இரண்டும்தான் திரும்பத் திரும்ப ஒலிக்கும்.

இப்போது எல்லாம் நேரலையில் வருகிறது. அங்கே காலை பத்து மணி என்றால் நமக்கு மதியம் ஒன்றரை. அவர்களுடைய மாலை அமர்வு நமக்கு இரவு எட்டரைக்கு ஆரம்பிக்கும். முடிவு அறிவிப்பதற்குள் வார்சாவில் நள்ளிரவு தாண்டிவிடும், இங்கே பால்காரர் வந்துவிடுவார். போட்டி நடக்கிற அந்த அக்டோபரில் என் வீட்டில் சமையல்கூட அந்த நேர அட்டவணைப்படிதான்.

நான் எல்லோருக்கும் சொல்வது, இறுதிச் சுற்றை விட்டாலும் முதல் சுற்றை விடாதீர்கள் என்பது. பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளை மேடைக்கு வருகிறது. வரிசையில் நிற்கும் ஸ்டைன்வே, யமஹா, கவாய், பாட்சியோலி பியானோக்களில் எது தனக்கு என்று சில நாள் முன்புதான் கால் மணி நேரத்தில் வாசித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கும். ஸ்டூலின் உயரத்தைத் திருகிச் சரிசெய்யும், கைக்குட்டையால் கட்டைகளைத் துடைக்கும். வியர்வை கட்டைகளில் இல்லை, விரலில்தான் இருக்கிறது என்று பார்க்கிற நமக்குத் தெரியும். அப்புறம் ஒரு எடுடை (விரல் திறமையைச் சோதிக்கும் சின்னப் படைப்பு) ஆரம்பிக்கும். அந்த முதல் பத்து விநாடியில் பிள்ளை தன்னைக் கேட்கிறதா, நடுவர்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

நடுவர்கள் சண்டை போடுவது இந்தப் போட்டிக்குப் புதிதும் இல்லை. 1932-இல் அலெக்சாண்டர் உனின்ஸ்கியும் இம்ரே உங்காரும் சம மதிப்பெண் எடுத்தார்கள். உங்கார் பார்வையற்றவர், ஹங்கேரிக்காரர். யார் முதல் என்று தீர்மானிக்க முடியாமல் நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்கள். உனின்ஸ்கிக்கு முதல் பரிசு, உங்காருக்கு இரண்டாவது. 1955-இல் ஆடம் ஹராசியேவிச்சுக்கு முதல் பரிசும் விளாதிமிர் அஷ்கெனாசிக்கு இரண்டாம் பரிசும் கிடைத்தபோது, அஷ்கெனாசிதான் வென்றிருக்க வேண்டும் என்று நடுவர் மிக்கெலாஞ்செலி தீர்ப்பில் கையெழுத்துப் போட மறுத்தார். 1990-இலும் 1995-இலும் முதல் பரிசுக்கு யாருமே தகுதியில்லை என்று விட்டுவிட்டார்கள். 2015-இல் தென்கொரியாவின் சோங் ஜின் சோ வென்றார். மதிப்பெண் பட்டியல் வெளியானபோது, இறுதிச் சுற்றில் பிலிப் ஆந்த்ரமோன் அவருக்குப் பத்துக்கு ஒன்று போட்டிருந்தது தெரியவந்தது. ஒரே வாசிப்பு, ஒரே அரங்கு. பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள் ஒன்பது, பத்து என்று போட்டிருக்கிறார்கள்.

ஆக, 1980-இல் நடந்த சண்டை முதல் சண்டை அல்ல. ஆனால் சண்டை வென்றவரையே மறைத்துவிட்டது அந்த ஆண்டுதான். ஹராசியேவிச்சைப் பற்றிப் பேசும்போது யாரும் மிக்கெலாஞ்செலியில் தொடங்குவதில்லை. தாய் சன்னைப் பற்றிப் பேச வாய் திறந்தாலே ஆர்கெரிச் எழுந்து போன கதை முன்னால் வந்து நின்றுவிடுகிறது.

தாய் சன் 1958 ஜூலையில் ஹனோயில் பிறந்தார். அம்மா தாய் தி லியென் சைகோனில் பிறந்து, பாரிஸிலும் பிராகிலும் படித்த பியானோக் கலைஞர். 1956-இல் ஹனோயில் இசைப் பள்ளி தொடங்கப்பட்டபோது அதை உருவாக்கியவர்களில் ஒருவர். அப்பா டாங் தின் ஹூங் கவிஞர். ஐம்பதுகளின் பிற்பாதியில் எழுத்துச் சுதந்திரம் கேட்ட எழுத்தாளர்கள் மீது வட வியட்நாம் அரசு பாய்ந்தபோது அவரும் அதில் சிக்கினார். அதன் பிறகு அவர் எழுத்தை வெளியிட வழியில்லை. வீட்டில் ஒரு பக்கம் நாட்டின் முதன்மையான பியானோ ஆசிரியர், இன்னொரு பக்கம் அரசால் ஒதுக்கப்பட்ட கவிஞர். அந்த வீட்டுப் பிள்ளை.

அறுபதுகளின் நடுவில் அமெரிக்க விமானங்கள் வடக்கில் குண்டு போடத் தொடங்கின. ஹனோயிலிருந்த இசைப் பள்ளியை அப்படியே பெயர்த்து பாக் ஜியாங் மாகாணத்துக் கிராமம் ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். பியானோக்களை எருமைகளைக் கட்டி இழுத்துக் கொண்டுபோனார்கள். ஆசிரியர்கள், மாணவர்கள், கருவிகள் எல்லாம் ஓலை வேய்ந்த குடிசைகளில். இருந்த ஒன்றிரண்டு பியானோக்களை அத்தனை மாணவர்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளில் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். ஏழெட்டு வயதுப் பிள்ளை அங்கேதான் வளர்ந்தது.

இந்தப் பகுதியை எழுதும்போது என்னிடம் படிக்கும் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் பியானோ கிடையாது, 61 கட்டை கீபோர்டுதான். தேர்வு நெருங்கும்போதுதான் பெற்றோர் நிஜப் பியானோ மாதிரி கனமான எடைக்கட்டை உள்ள டிஜிட்டல் பியானோ விலை விசாரிப்பார்கள். "நல்ல கருவி இல்லாம எப்படி மேடம்" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தாய் சன்னை உதாரணம் காட்டி அவர்கள் வாயை அடைப்பது எனக்குப் பிடிக்காது. ஏனென்றால் அவருக்கு இல்லாதது கருவி மட்டும்தான். ஆசிரியர் வீட்டிலேயே இருந்தார். சரியான காதுள்ள ஒருவர் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதை எந்தப் பியானோவும் ஈடு செய்ய முடியாது.

1970-இல் வார்சாப் போட்டிக்கு விருந்தினராக வரும்படி தாய் தி லியெனுக்கு அழைப்பு வந்தது. போனார். அந்த ஆண்டு வென்றவர் அமெரிக்காவின் கேரிக் ஓல்சன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடியும் வரும். திரும்பி வரும்போது ஷோபானின் இசைத்தாள்களையும் இசைத்தட்டுகளையும் மகனுக்காக எடுத்து வந்தார். அன்று போர் நடந்துகொண்டிருந்த ஹனோயில் இதெல்லாம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. மகனுக்கு வயது பன்னிரண்டு. ஷோபானுக்குள் அவர் முழுக்க இறங்கியது அதற்குப் பிறகுதான்.

1974-இல் ஐசக் காட்ஸ் என்ற சோவியத் பியானோக் கலைஞர் ஹனோய்க்குக் கற்பிக்க வந்தார். பையனின் வாசிப்பைக் கேட்டார், கூடவே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார், இவன் மாஸ்கோவில் படிக்க வேண்டியவன் என்று சொல்லிவிட்டுப் போனார். 1977-இல் தாய் சன் மாஸ்கோ கன்சர்வேட்டரியில் சேர்ந்தார், விளாதிமிர் நதன்சனிடம். அதே கன்சர்வேட்டரியில்தான் போகோரெலிச்சும் இருந்தார். இருவரும் பிறந்தது ஒரே ஆண்டு. இப்படி ஒரே கட்டடத்திலிருந்து கிளம்பிய இரண்டு பேரைத்தான் பிற்பாடு ஏதோ இரண்டு உலகங்களின் பிரதிநிதிகள் போலப் பேசினார்கள்.

சேர்ந்து மூன்றே ஆண்டில் வார்சாப் போட்டிக்கு விண்ணப்பம். மற்றவர்கள் எங்கெங்கே கச்சேரி செய்தோம், என்னென்ன பரிசு வாங்கினோம் என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினார்கள். போகோரெலிச் அதற்கு முன்பே இத்தாலியிலும் மொன்ட்ரியாலிலும் முதல் பரிசு வாங்கியவர். தாய் சன்னுக்கு அந்தப் பத்தியில் எழுத ஒன்றும் இல்லை. ஆர்க்கெஸ்ட்ராவோடு அதுவரை ஒரு முறைகூட வாசித்ததில்லை. அவர் வாழ்க்கையில் ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசித்த முதல் கச்சேரி, ஷோபான் போட்டியின் இறுதிச் சுற்று.

பியானோ வாசிக்கிறவர்களுக்கு இதன் கனம் தெரியும். தனியாக வாசிப்பது வேறு. ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கும்போது நம் பியானோவின் ஒலியே வேறு மாதிரி காதில் விழும். பின்னால் ஐம்பது அறுபது பேர் மூச்சு விடுகிறார்கள். ஒரு சுரத்தை இழுத்து நிறுத்தினால் அவர்களும் நிற்க வேண்டும், திரும்ப எடுக்கும்போது அவர்களும் எடுக்க வேண்டும். அந்தப் பழக்கம் வர வருடங்கள் ஆகும். அதனால்தான் இளம் கலைஞர்களை ஊர் ஊராகச் சின்ன ஆர்க்கெஸ்ட்ராக்களோடு வாசிக்க வைத்துத் தயார் செய்கிறார்கள். இவருக்கு அந்தப் பயிற்சியெல்லாம் கிடையாது. ஒத்திகை, உடனே மேடை.

ஷோபானின் இரண்டு கான்செர்ட்டோக்களில் அவர் எடுத்துக்கொண்டது எஃப் மைனர் சுருதியில் உள்ளது. அதுவே ஒரு துணிச்சல். இறுதிச் சுற்றில் பெரும்பாலானவர்கள் மற்றதை, ஈ மைனரைத்தான் எடுப்பார்கள். அது நீளம், பளபளப்பு, நடுவர்களை அசத்தத் தோதான இடங்கள் நிறைய. எஃப் மைனர் வாசித்தால் ஜெயிக்க முடியாது என்று போட்டியாளர்கள் நடுவே ஒரு நம்பிக்கையே உண்டு.

ஷோபான் அந்தக் கான்செர்ட்டோவை எழுதும்போது அவருக்கு வயது பத்தொன்பது, இருபது. வார்சாவில் பாட்டுப் படித்துக்கொண்டிருந்த கொன்ஸ்தான்ஸியா கிளாட்கோவ்ஸ்கா மேல் காதல். அதை அவளிடம் சொல்லாமல் நண்பனுக்குக் கடிதம் எழுதினார், இரண்டாம் பகுதியான லார்கெட்டோவை அவளை நினைத்துத்தான் எழுதியதாக. 1830 மார்ச் 17 அன்று வார்சாவில் அவரே வாசித்து அரங்கேற்றினார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஊரை விட்டுப் போனவர், அப்புறம் திரும்பி வரவேயில்லை.

லார்கெட்டோவின் நடுவில் ஓர் இடம் வரும். அதுவரை பியானோ மென்மையாகப் பாடிக்கொண்டிருக்கும். திடீரென்று தந்தி வாத்தியங்கள் எல்லாம் நடுங்குகிற ஒரே ஒலியாகக் கீழே இறங்கும், அடித்தளத்தில் டபுள் பாஸ் மட்டும் விரலால் மீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் பியானோவில் இரண்டு கைகளும் ஒரே மெட்டை ஒரு ஸ்தாயி இடைவெளியில் சேர்ந்து வாசிக்கும். பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டுகள் இல்லை, துணை இல்லை, ஒற்றைக் குரல். தாளம் எழுதப்பட்டிருக்கும், ஆனால் வாசிக்கும்போது தாளமே இல்லாத மாதிரி இருக்க வேண்டும். நம் கச்சேரியில் விருத்தம் பாடுகிறவர் சொற்களின் கனத்துக்கு ஏற்ப நிறுத்தி நிறுத்திப் போவாரே, அப்படி.

இந்த இடத்தில் பெரும்பாலான இளைஞர்கள் செய்வது ஒன்றுதான்: கத்துவார்கள். ஆர்க்கெஸ்ட்ரா அடங்கிவிட்டது, மேடை முழுக்க எனக்குத்தான் என்று கட்டைகளின் மேல் விழுவார்கள். 1980 பதிவில் தாய் சன் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். உரத்த சுரத்தை உரக்கத்தான் வாசிக்கிறார், ஆனால் அதன் பின்னால் வரும் சின்னச் சுரங்களை விடுவதில்லை. ஒரு வாக்கியத்தின் கடைசி அசையை விழுங்காமல் முடிக்கிறவர் பேச்சு எப்படித் தெளிவாக இருக்கும், அந்தத் தெளிவு. இடது கை வலது கையைவிட ஓர் இம்மி தணிந்திருப்பதால் ஒலி கனமாகாமல் உயரமாக நிற்கிறது. வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் இடையில் விடுகிற நிறுத்தங்களில் தந்திகளின் நடுக்கம் கேட்கிறது. அதுவரை ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசித்தே பழகாத ஒருவர், அவர்களைக் கேட்பதற்காகத் தன் கையை நிறுத்துகிறார்! நான் இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த நிறுத்தத்தில்தான் இவருக்குக் கொடுத்த பரிசு சரி என்று எனக்கு உறுதியாகிறது.

முதல் பரிசு கொடுத்தார்கள். போலந்து நடன வடிவங்களான மசூர்க்கா, பொலொனேஸ், அப்புறம் கான்செர்ட்டோ இவற்றுக்கான சிறப்புப் பரிசுகளும் அவருக்குக் கிடைத்தன. மசூர்க்காப் பரிசு எனக்கு முக்கியமாகப் படுகிறது. மசூர்க்கா போலந்து மண்ணின் நடனம். மூன்று அடித் தாளத்தில் இரண்டாவது அல்லது மூன்றாவது அடி கொஞ்சம் நீண்டும் அழுந்தியும் விழும். எவ்வளவு நீள வேண்டும் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது, அங்கே பிறந்தவர்களுக்கு ரத்தத்தில் இருக்கிறது என்பார்கள். அதற்கான பரிசைப் போலந்து வானொலி, பாக் ஜியாங்கின் குடிசைகளில் வளர்ந்த ஒருவருக்குக் கொடுத்தது. ஷோபான் போட்டியில் முதல் பரிசு பெற்ற முதல் ஆசியர் அவர்தான்.

ஆனால் அரங்குக்கு வெளியே ஓடிய பேச்சு வேறு. இது அரசியல் பரிசு, சோவியத் கூட்டாளியான வியட்நாமுக்குத் தூக்கிக் கொடுத்தது என்றார்கள். இந்தக் குற்றச்சாட்டை நான் எப்போதும் ஏற்றதில்லை. இரண்டாம் பரிசு தத்யானா ஷெபனோவாவுக்கு, மூன்றாம் பரிசு அருத்யூன் பபாஸ்யானுக்கு. இருவருமே சோவியத் ஒன்றியத்தின் நேரடிப் போட்டியாளர்கள். மாஸ்கோவைத் திருப்திப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் பரிசை மாஸ்கோவுக்கே கொடுத்திருக்கலாமே? அதுவும், கடான்ஸ்க் கப்பல் தளத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, போலந்து முழுக்க அரசை எதிர்த்து எழுந்த சாலிடாரிட்டித் தொழிற்சங்கப் பேச்சு. அந்த அக்டோபரில் வார்சா அரங்கில் கூடியிருந்தவர்களை சோவியத் அனுதாபிகள் என்று நினைப்பதே தப்பு.

போகோரெலிச்சைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. மாணவர்களுக்கு அவர் பதிவுகளைப் போட்டுக் காட்டுகிறேன் என்றேனே. ஆர்கெரிச் காதில் விழுந்தது நிஜம்தான், அந்தப் பையனிடம் யாரிடமும் இல்லாத ஒன்று இருந்தது. அவரைத் தோற்கடித்ததுதான் அவருக்கு வாழ்வு கொடுத்தது என்பதும் உண்மை. சில மாதங்களிலேயே டாய்ச்சே கிராமோபோன் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது, 1981-இல் முதல் ஷோபான் இசைத்தட்டு, பெரிய அரங்குகள் எல்லாம் கதவைத் திறந்தன. பரிசு வாங்கியவருக்கோ பனிப்போர்க் காலத்து வியட்நாம் கடவுச்சீட்டு. மேற்கு நாடுகளில் அவரை வைத்துக் கச்சேரி ஏற்பாடு செய்ய யாரும் வரிசையில் நிற்கவில்லை. மாஸ்கோவில் படிப்பைத் தொடர்ந்தார். 1987-இல் கற்பிப்பதற்காக டோக்கியோ போனார். 1991-இல் மொன்ட்ரியாலில் குடியேறி, கனடாக் குடிமகன் ஆனார். பிறகு வார்சாவில் பலமுறை நடுவராக உட்கார்ந்தார். 2010-இலும் 2015-இலும் அதே குழுவில் ஆர்கெரிச்சும் இருந்தார்.

போட்டி என்றால் வென்றவர் மேலே போவார், தோற்றவர் மறைந்துவிடுவார் என்றுதான் பெற்றோர் நினைக்கிறார்கள். 1980-இல் நேர்மாறாக நடந்தது. அதற்காகப் பரிசு வீணாய்ப் போனது என்றும் சொல்ல முடியாது. அது தன் வேலையைச் செய்ய நாற்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

2021 அக்டோபர். பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போன போட்டி. முதல் பரிசு புரூஸ் லியூ. பாரிஸில் பிறந்து மொன்ட்ரியாலில் வளர்ந்தவர், தாய் சன்னின் மாணவர். மூன்றாம் சுற்றில் ஷோபான் பதினேழு வயதில் எழுதிய, மோட்சார்ட் மெட்டை வைத்துச் செய்த வேரியேஷன்களை (ஒரே மெட்டின் மாறுபட்ட வடிவங்களை) எடுத்து வாசித்தார். பாட்சியோலி பியானோவில் சிரித்துக்கொண்டே பந்து விளையாடுகிற மாதிரியான வாசிப்பு, அரங்கம் ஆர்ப்பரித்தது. அதே ஆண்டு ஆறாம் பரிசு வாங்கிய பதினேழு வயது ஜே ஜே ஜுன் லி புயியும் தாய் சன்னின் மாணவர்தான்.

அந்த ஆண்டு தாய் சன் நடுவர் குழுவிலும் இருந்தார் என்பதால் முணுமுணுப்பு எழுந்தது. எழத்தான் செய்யும். தன் மாணவருக்கு நடுவர் மதிப்பெண் போடக் கூடாது என்பது விதி, பட்டியலில் அந்த இடத்தில் எண்ணுக்குப் பதில் ஒரு குறி இருக்கும், பட்டியலும் பின்னர் பொதுவில் வெளியாகிறது. ஆனாலும் ஆசிரியர்கள் நடுவர்களாக உட்காருவது எந்தப் போட்டிக்கும் நல்லதில்லை என்பதே என் எண்ணம். விதி சரியாக இருந்தாலும் ஒரே மேசையில் மூன்று வாரம் சாப்பிடுகிறவர்கள் மனிதர்கள்தானே.

2025-இல் அவர் நடுவர் குழுவில் இல்லை. குழுவின் தலைவர், போலந்துக்காரர் அல்லாத முதல் தலைவர், கேரிக் ஓல்சன். ஆமாம், 1970-இல் தாய் தி லியென் வார்சாவுக்கு விருந்தினராகப் போன ஆண்டு வென்ற அதே ஓல்சன். முதல் பரிசு எரிக் லூவுக்கு. அமெரிக்கர், வயது 27, பத்து ஆண்டுக்கு முன் பதினேழு வயதில் இதே மேடையில் நான்காம் பரிசு வாங்கியவர், 2018-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பியானோப் போட்டியை வென்றவர். ஏற்கெனவே பெயர் வாங்கியவருக்கு எதற்கு இன்னொரு போட்டி என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியே புரிவதில்லை. பதினேழு வயதில் வாசித்த இடத்துக்கு இருபத்தேழில் திரும்பி வந்து, அதே நடுவர் மேசைக்கு முன்னால் எல்லாவற்றையும் பணயம் வைக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்.

அவருக்குக் கற்பித்தவர்களில் ஒருவர் தாய் சன். இறுதிச் சுற்றில் அவர் எடுத்தது எஃப் மைனர். 1980-க்குப் பிறகு அந்தக் கான்செர்ட்டோவை வாசித்து முதல் பரிசு வாங்கியவர் வேறு யாரும் இல்லை.

லியூவும் லூவும் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள் என்று சொன்னால் காதுக்கு நம்பிக்கை வராது. லியூவின் வாசிப்பு வெளிச்சம், துள்ளல், கொஞ்சம் குறும்பு. லூ உள்ளே திரும்பி உட்கார்ந்து வாசிப்பவர். மெதுவான இடத்தை இன்னும் மெதுவாக்கி, அடுத்த சுரம் வருமா என்று நம்மைக் காக்க வைப்பார். இருவரிடமும் தாய் சன்னின் நகல் இல்லை. ஒரு ஆசிரியரைப் பற்றி இதைவிடப் பெரிதாக எதையும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் நான் வாசித்துக் காட்டினால் என் பிள்ளைகள் என்னை மாதிரியே வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதைத் தடுப்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. நான் எங்கே மூச்சு விடுகிறேனோ அங்கேயே விடுவார்கள், என் தவறுகளையும் சேர்த்து. அவர் எப்படித் தடுக்கிறார் என்று ஒரு நாள் அவர் வகுப்பின் மூலையில் உட்கார்ந்து பார்க்க ஆசை.

தாய் தி லியென் 2023-இல் 104 வயதில் காலமானார். 2021-இல் மகனின் மாணவர் வார்சாவில் முதல் பரிசு வாங்கியபோது அவர் உயிரோடு இருந்தார். 2025-ஐ அவர் பார்க்கவில்லை.

கேட்க விரும்புகிறவர்களுக்கு: யூடியூபில் தாய் சன்னின் 1980 இறுதிச் சுற்றுப் பதிவு இருக்கிறது. படமும் ஒலியும் பழசு, பொறுத்துக்கொள்ளுங்கள். லார்கெட்டோ பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அதை முதலில் கேளுங்கள். அடுத்து, பிரான்ஸ் புரூகென் நடத்திய 'பதினெட்டாம் நூற்றாண்டு ஆர்க்கெஸ்ட்ரா' என்ற குழுவோடு அதே கான்செர்ட்டோவை, 1849-இல் செய்யப்பட்ட எரார் நிறுவனப் பியானோவில் தாய் சன் வாசித்த பதிவு. இருபத்தைந்து ஆண்டு கழித்து அதே இடத்தில் நிறுத்தங்கள் எப்படி மாறியிருக்கின்றன என்று பாருங்கள், சில குறைந்திருக்கின்றன. மூன்றாவதாக எரிக் லூ, 2025 இறுதிச் சுற்று, ஷோபான் நிறுவனத்தின் சானலில் முழுதாக இருக்கிறது. மூன்றையும் ஒரே மாலையில் கேட்க வேண்டாம், ஒன்றுக்கொன்று ஒரு நாள் இடைவெளி விடுங்கள். ஹெட்போன் போட்டுக் கேட்டால் டபுள் பாஸ் மீட்டுவது தெளிவாகக் கேட்கும்.